ரிக் செவிடாகவில்லை

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோ, உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சேர்த்து வைத்த ராண்டையெல்லாம் கொட்டி, பேர்போன ஹெச்எஃப் ரிக் (நெடுந்தூரம் பேச உதவும் சிற்றலை ரேடியோப் பெட்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தான்.

"அண்ணா, ரிக்கு போயிடுச்சுன்னு நினைக்கிறேன். நாப்பது மீட்டர்ல எங்க திருப்பினாலும் ஒரே இரைச்சல். ஆளே இல்லாத எடத்துலகூட குரல் கேக்குது. என் பழைய சின்ன ரிக்கே தேவலாம்."

"மேல்மூடியக் கழட்டிட்டியா?"

"ஸ்க்ரூ டிரைவர் கையிலதான் இருக்கு."

"அதைக் கீழ வை."

அவன் சொன்ன நாற்பது மீட்டர் ஒரு பேண்ட், அலைநீளத்தை வைத்துப் பெயரிட்ட அலைவரிசைத் தொகுதி. நான் இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து பீனிக்ஸ் அரை மணி நேர ஓட்டம்தான். அன்றிரவு போக வேண்டிய அவசியமே வரவில்லை. பாதி வேலை போனிலேயே முடிந்தது. அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பெரிய ரிக் வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளில் பெரும்பாலானவை பழுதே அல்ல. சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கம் தப்பான இடத்தில் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

விலை உயர்ந்த ரிக் என்றால் மெல்லிய சிக்னலை அதிகம் கேட்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். மெல்லியதைக் கேட்பது இன்று பெரிய வித்தையில்லை. சாதாரண ரிக்கூட ஒரு மைக்ரோவோல்ட்டில் கால் பங்கைப் பிடித்துவிடும். கடினமான காரியம் வேறு. பக்கத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தும்போது, அவனைத் தாண்டி முணுமுணுப்பவனைக் கேட்க வேண்டும்.

காவடி நாளில் கோயில் வாசலில் நின்றிருப்பீர்கள். உறுமியும் தவிலும் காதருகே முழங்குகின்றன. பத்தடி தள்ளி நிற்கும் அத்தை, "செருப்ப எங்கடா விட்ட?" என்று கேட்கிறார். காதில் கையைக் குவித்தால் அத்தையின் குரல் மட்டுமா கூடும்? மேளமும் சேர்ந்து கூடும், காது இன்னும் அடைத்துப்போகும். காதைப் பாதி பொத்திக்கொண்டால்தான் அத்தை சொல்வது புரியும். எல்லாமே ஒரே அளவில் குறைகிறது, ஆனால் காது திணறுவது நின்றுவிடுகிறது.

ரிக்கிலும் இதே கதைதான். மிகச் சிறிய சிக்னலுக்கும், ரிக்கைத் திணறவைக்கும் மிகப் பெரிய சிக்னலுக்கும் இடையிலுள்ள தூரத்தை டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள். அமெரிக்கரான ராப் ஷெர்வுட் பல ஆண்டுகளாக ரிக்குகளை அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டு வருகிறார். ரிக் வாங்கப் போகும் ஹாம்கள் முதலில் தேடுவது அதைத்தான். அந்த வரிசை எது அதிகம் கேட்கிறது என்பதை வைத்துப் போட்டதல்ல. 2 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பலத்த சிக்னல்கள் இருக்கும்போது எது குழம்பாமல் நிற்கிறது என்பதை வைத்துப் போட்டது. பெரிய ரிக்குக்கு நாம் கொடுக்கும் பணம் இந்தத் தாங்கும் சக்திக்குத்தான். ப்ரீஆம்ப் (ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னலை முதலிலேயே பெருக்கும் சுற்று) பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டால் அந்தப் பணத்தை நாமே குப்பையில் போட்டமாதிரி.

ப்ரீஆம்ப் தேவையா இல்லையா என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஆள் பேசாத ஒரு இடத்தில் ரிக்கை நிறுத்துங்கள். அந்த இரைச்சலைக் கேளுங்கள். இப்போது ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள் (மைக்கைத் தொடாமல், ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் உண்மையிலேயே பழுது வரும்). இரைச்சல் நன்றாக இறங்கினால், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது வெளியுலக இரைச்சல். ரிக்கின் சொந்த இரைச்சல் அதற்குக் கீழே எங்கோ கிடக்கிறது. இனி எவ்வளவு பெருக்கினாலும் வெளியிரைச்சலும் சிக்னலும் சேர்ந்தேதான் பெருகும். 40 மீட்டரில், டர்பன் மாதிரி ஊரில், ப்ரீஆம்ப் இல்லாமலேயே இரைச்சல் தடாலென்று இறங்கும். 10 மீட்டரில், அமைதியான இடத்தில், இறங்காமல் இருக்கலாம். அங்கே ப்ரீஆம்ப் போடுங்கள், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

தம்பியின் ரிக்கில் முந்தைய சொந்தக்காரர் இரண்டாம் ப்ரீஆம்ப்பை 40 மீட்டரில் போட்டபடியே விற்றிருந்தார். நாய்ஸ் பிளாங்கரும் முழு வீச்சில் இருந்தது. பேண்டுக்கு ஒரு அமைப்பு என்று ரிக் நினைவில் வைத்துக்கொள்ளும், யார் வைத்தது என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை. பழைய ரிக் வாங்கினால் முதல் வேலை, உதவி செய்வதாகச் சொல்லும் எல்லாப் பொத்தானையும் அணைப்பது: ப்ரீஆம்ப், பிளாங்கர், இரைச்சல் குறைப்பி, நாட்ச் (குறுக்கே வரும் விசிலை வெட்டும் வடிகட்டி). ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டால் எது என்ன செய்கிறது என்று காதே சொல்லும். பிளாங்கர் பட்பட்டென்று அடிக்கும் துடிப்பு இரைச்சலுக்கு நல்ல மருந்து. பக்கத்தில் பலத்த நிலையம் இருந்தால் அதையும் துடிப்பு என்று நினைத்துக் கடித்துக் குதறி, பேண்ட் முழுக்கக் கரகரப்பைப் பரப்பிவிடும். எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுபோகும் ரீசெட் வழியும் உண்டு. அதற்கு முன் பழைய எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள், நினைவில் சேமித்த அலைவரிசைகளும் போய்விடும்.

ஆளில்லாத இடத்தில் குரல்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நம் பகுதியில் 40 மீட்டர் ஹாம் பேண்ட் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. 7.200ஐத் தாண்டினால் ஒலிபரப்பு நிலையங்கள். நம் 100 வாட் எங்கே, அவர்களுடைய நூறு கிலோவாட் எங்கே! இரவில் அவை சுவரை முட்டுவதுபோல வந்து சேரும். 7.210இல் ஒன்று, 7.300இல் ஒன்று என்று வையுங்கள். ரிக்கின் முன்பகுதி திணற ஆரம்பித்தால் இரண்டையும் கலந்துவிடும். முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் 14.420 கழித்தல் 7.300, அதாவது 7.120. ஹாம் பேண்டின் நடுவில் ஒரு பேய்! அங்கே யாரும் பேசவில்லை. அது ரிக்குக்குள் பிறந்த குரல். இதற்கு இடைக்கலப்பு என்று பெயர், மூன்றாம் படி வகை.

பேயா மனிதனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டென்யூவேட்டரை, அதாவது வரும் சிக்னலைக் குறைக்கும் பொத்தானை, போடுங்கள். 10 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான சிக்னல் 10 டெசிபெல் இறங்கும். மூன்றாம் படிப் பேயோ 30 டெசிபெல் இறங்கும், ஏனென்றால் அதைப் பெற்ற இரண்டு சிக்னல்களும் குறைந்துவிட்டன, அது அவற்றின் பெருக்கலில் பிறந்தது. ஒரு பொத்தான் அழுத்தத்தில் மனிதன் கொஞ்சம் மெலிகிறான், பேய் காணாமல் போகிறது. போனில் தம்பியிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன்.

"அண்ணா… போயிடுச்சு. எல்லாம் போயிடுச்சு."

"குரல் போயிடுச்சா, இரைச்சலும் போயிடுச்சா?"

"குரல் போயிடுச்சு. இரைச்சல் கொஞ்சம் இருக்கு. ஆனா மீட்டரும் எறங்கிடுச்சே, அது பரவாயில்லையா?"

பரவாயில்லை. சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரை நீதிபதியாக உட்காரவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. எஸ் 9 என்றால் 50 மைக்ரோவோல்ட், அதற்குக் கீழே ஒரு படிக்கு 6 டெசிபெல். இது ஹெச்எஃப் பேண்டுகளுக்கு ஹாம்கள் ஒப்புக்கொண்ட அளவு. பல ரிக்குகளில் மீட்டர் இதற்கு அடங்காது, அடிப்பகுதியில் ஒரு படிக்கு 3 டெசிபெல்தான் நகரும். ஆர்எஃப் கெயினை (வரும் சிக்னலின் பெருக்கத்தை மாற்றும் குமிழை) குறைத்தால் பல ரிக்குகளில் முள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பக் கூட்டிவிடுகிறார்கள். முள்ளை விடுங்கள். இரைச்சலுக்கு மேலே குரல் எவ்வளவு தெளிவாக எழுந்து நிற்கிறது? அதுதான் கேள்வி. என் ரிக்கில் இரவு 40 மீட்டருக்கு ஆர்எஃப் கெயின் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். ஏஜிசி, அதாவது தானாகவே ஒலியை ஏற்றி இறக்கும் சுற்று, ஓயாமல் இரைச்சலைத் துரத்திக்கொண்டு ஓடாது. வாக்கியங்களுக்கு இடையே காதுக்கு ஓய்வு கிடைக்கும்.

நேரடியாகச் சிக்னலை எண்ணாக்கும் புது வகை எஸ்டிஆர் ரிக்குகளில் கலவைச் சுற்று இல்லையே, அப்புறம் எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். அங்கே எண்ணாக்கும் சிப் நிரம்பி வழியும். அதற்கென்று திரையில் ஒரு எச்சரிக்கை எழுத்து மின்னும். மருந்து அதேதான்.

கொழும்பின் நாலு கோடு

ரிக்கை அளக்க வேண்டுமானால் சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும், விலை அதிகம். இலவசமாக ஒன்று வானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் 18 இடங்களில் பீக்கன் நிலையங்களை, அதாவது தானாகவே அடையாளச் சிக்னல் அனுப்பும் நிலையங்களை, அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாக 10 விநாடி வீதம், மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று வரும்படி வைத்திருக்கிறார்கள். 14.100 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். 18.110, 21.150, 24.930, 28.200லும் அதே வரிசை சுற்றும். பத்தாவதாக வருவது கொழும்பு, அதன் அழைப்புப் பெயர் 4எஸ்7பி. அடுத்தது நம்முடைய பிரிட்டோரியா பக்கத்து இசட்எஸ்6டிஎன். ஏதாவது ஒரு நிலையம் கோளாறாகி மௌனமாகக் கிடப்பதும் உண்டு, கேட்கவில்லை என்றதும் ரிக்கைத் திட்டாதீர்கள்.

இதன் அழகு இதுதான். ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸில் 100 வாட்டில் சொல்லிவிட்டு, ஒரு விநாடி நீளத்தில் நாலு கோடு இழுக்கும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி கோடு 0.1 வாட். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சரியாக 10 டெசிபெல் கம்மி.

இருபது மீட்டர் திறந்திருக்கும் ஒரு மாலையில், 14.100இல் கொழும்பைப் பிடித்து, எத்தனை கோடு கேட்கிறது என்று எண்ணுங்கள். ப்ரீஆம்ப் இல்லாமல் இரண்டு. போட்டால் இரண்டே இரண்டுதானா? அப்படியானால் அது உங்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, எடுத்துவிடுங்கள். மூன்றானால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சுற்றைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம், வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஐந்தாறு சுற்றாவது எண்ணுங்கள். எஸ் மீட்டர் நேர்மையாக இருந்தால் கோட்டுக்குக் கோடு ஒன்றரைப் படிக்குச் சற்று அதிகமாக இறங்க வேண்டும். எவ்வளவு பொய் சொல்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ் பேசும் வீட்டில் உட்கார்ந்து, கொழும்பிலிருந்து வரும் வாட்டில் பத்தில் ஒரு பங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மிச்ச இரைச்சல்

பேய் போன பிறகும் தம்பிக்கு இரைச்சல் மிச்சம் இருந்தது. இங்கே வேண்டியது பிரித்துப் பார்க்கும் புத்தி. ஆன்டெனா, கேபிள், ரிக், பவர் சப்ளை, வீட்டு மின்சாரம், அக்கம்பக்கம்: இது ஒரு சங்கிலி. ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணியை மட்டும் கழற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

ஆன்டெனாவைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா? நிற்கிறது. அப்போது குற்றவாளி ரிக்குக்கு வெளியே. ரிக்கை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு டிபி போர்டில் மெயினை இறக்கினால்? அவன் வீட்டில் கால்வாசி குறைந்தது, எல்இடி விளக்கும் போன் சார்ஜரும் செய்த வேலை. மீதி அப்படியே இருந்தது. வீட்டுக்கு வெளியேயிருந்து வருகிறது.

லோட் ஷெடிங், அதாவது முறை வைத்த மின்வெட்டு, உச்சத்தில் இருந்த 2023இல் ஒரு வேடிக்கையைக் கவனித்தோம். தெரு முழுக்க இருட்டாகும்போது பேண்ட் பளிங்கு மாதிரி ஆகிவிடும். எல்லோரும் மெழுகுவத்தி தேடும்போது ஹாம்கள் பேட்டரியை மாட்டிக்கொண்டு ரிக்கின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக இன்வெர்ட்டரும் சோலார் பேனலும் ஏறின, அந்தப் பொற்காலம் முடிந்தது. மலிவான இன்வெர்ட்டர், விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி வேலை செய்யும். கூரையிலிருந்து இறங்கும் நீளமான ஒயர்களே அதற்கு ஆன்டெனா. வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைப் படமாகக் காட்டும் திரையில்) சம இடைவெளியில் மங்கலான பட்டைகள் தெரிந்தால், சூரியன் இறங்கியதும் அவை மறைந்தால், சோலார்தான். இரவிலும் இருந்தால் பேட்டரி சார்ஜரையோ இன்வெர்ட்டரையோ சந்தேகப்படுங்கள். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி.

பேசும் பக்கம்

அனுப்பும்போதும் அதே பாடம்தான். ஏஎல்சி என்பது வாசல் காவலாளி. சக்தி எல்லை மீறினால் பிடித்து இழுப்பான். ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தால் உங்கள் குரல் பக்கத்து அலைவரிசைகளில் சிதறித் தெறிக்கும். பேச்சின் உச்சத்தில் மட்டும் முள் தன் பகுதிக்குள் துள்ளினால் போதும். சாதாரண வாட் மீட்டர் எஸ்எஸ்பி (ஹாம்கள் வழக்கமாகக் குரலை அனுப்பும் முறை) பேச்சில் சராசரியைக் காட்டும். 100 வாட் ரிக்கில் 30, 40 காட்டினால் அது இயல்பு. அதை 100 ஆக்க மைக் கெயினைத் திருகியவர்களின் குரலை நான் 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் கேட்டிருக்கிறேன். எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளில் கணினி ஒலியை இன்னும் குறைத்து, ஏஎல்சி அசையாத அளவில் வைப்பது பாதுகாப்பு. இடைவிடாத சிக்னல் என்பதால் சக்தியையும் பாதிக்கு இறக்குங்கள், ரிக் சுடாமல் இருக்கும்.

பேச ஆரம்பித்ததும் ரிக் அணைந்து அணைந்து எரிகிறதா? குரல் ஊஞ்சலாடுகிறதா? மூடியைத் திறக்காதீர்கள், மல்டிமீட்டரை எடுங்கள். 100 வாட் அனுப்பும்போது ரிக் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் 0.1 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போகும். சப்ளையில் 13.8, ரிக்கின் வாயில் 11.8. பல ரிக்குகளின் கீழெல்லையே கிட்டத்தட்ட 11.7தான். அளவை சப்ளையில் எடுக்காதீர்கள், ரிக்கின் பின்பக்க பிளக்கில், அனுப்பிக்கொண்டே எடுங்கள். மெல்லிய ஒயர், தளர்ந்த ஃபியூஸ் பிடிப்பான், சரியாக நசுக்காத லக் (ஒயர் முனைக் கவ்வி), இவற்றில் ஏதோ ஒன்று சூடாக இருக்கும்.

நான் ஏமாந்த கதை ஒன்று. கடற்கரைக் காற்றில் எங்கள் பக்கம் உலோகமெல்லாம் அரித்துப்போகும். ஒரு வருஷம் என் எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 இருந்தால் எதுவும் திரும்பவில்லை) எல்லா பேண்டிலும் 1.2க்குள் இறங்கியது. ஆன்டெனா என்ன அருமையாக இருக்கிறது என்று இரண்டு மாதம் பெருமைப்பட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் கனெக்டருக்குள் தண்ணீர், கேபிள் உள்ளே பச்சை பாரித்துக் கிடந்தது. போன சக்தியைக் கேபிள் விழுங்கியது, திரும்பி வந்த கொஞ்சத்தையும் விழுங்கியது. மீட்டருக்குத் திரும்பி வருவது எதுவும் தெரியவில்லை, அதனால் நல்ல எண் காட்டியது. எஸ்டபிள்யூஆர் 2 என்றால் 11 சதவீதம்தான் திரும்புகிறது, உலகம் முடிந்துவிடாது. காரணமில்லாமல் திடீரென்று அழகாகும் எஸ்டபிள்யூஆர்தான் பயப்பட வேண்டியது. சந்தேகம் வந்தால், கேபிளின் தூர முனையில் 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வெளியே விடாமல் சூடாக்கி விழுங்கும் தடையை) மாட்டி அங்கே எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று பாருங்கள். அதே டம்மி லோடை ரிக்கின் பின்னால் மாட்டினால், ரிக்கா ஆன்டெனாவா என்ற வழக்கு ஐந்து நிமிடத்தில் தீரும்.

அலைவரிசை சரிபார்ப்பை எல்லோரும் முதலில் கேட்பார்கள், உண்மையில் அதுதான் கடைசி. ரிக்கை அரை மணி நேரம் சூடாக விடுங்கள். 10 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூவி போன்ற, துல்லியமான நேரம் ஒலிபரப்பும் நிலையம் கேட்கும் நேரத்தில், 9.999இல் யுஎஸ்பியில் (எஸ்எஸ்பியின் மேல்பக்க வகையில்) நின்றால் 1000 ஹெர்ட்ஸ் சுதி வர வேண்டும். போனில் சுதி அளக்கும் ஆப் 1005 என்று சொன்னால் உங்கள் ரிக் பத்து லட்சத்தில் அரைப் பங்கு பிசகுகிறது. மெனுவில் அதற்கென்று ஒரு எண் இருக்கும், அதைத் தொடலாம். உள்ளே இருக்கும் குட்டித் திருகுகளைத் தொட வேண்டாம். அவற்றைத் திருப்பக் கருவிகள் வேண்டும், திருப்பிய பின் பழைய இடம் யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்த சனிக்கிழமை பீனிக்ஸுக்குப் போனேன். குற்றவாளி பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர்தான். அந்த வீட்டு ஆயா, "என் லைட்டு போகாதுன்னா என்ன வேணா சுத்திக்கோ" என்று அனுமதி கொடுத்து, போளியும் கொடுத்தார். பெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையங்களில் ஒயரைப் பல சுற்று சுற்றினோம். இரைச்சல் இரண்டு படி இறங்கியது, அதற்குக் கீழே போக மறுக்கிறது. பேனல் பக்கத்து ஒயருக்கு இன்னும் வளையம் வாங்க வேண்டும்.

நேற்று மாலை தம்பியிடமிருந்து குரல் செய்தி. பின்னணியில் 14.100.

"அண்ணா, கொழும்பு ரெண்டு கோடு சுத்தமா கேக்குது. மூணாவது… இருக்கற மாதிரி இருக்கு. இல்ல, எனக்கு ஆசையா இருக்கான்னு தெரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."